புது ரவுட்டர் வாங்கினால் வீட்டு போன் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் மாங்காய் மண்டியில் ஃபைபர் இணைப்பும், அதனுடன் வந்த லேண்ட்லைனும் இருக்கின்றன. கம்பெனி வைத்த பெட்டியின் வைஃபை பின்பக்கக் குடோனுக்கு எட்டவில்லை. நல்ல ரவுட்டர் வாங்கிக்கொண்டு இந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்கிறான் மகன். விவசாயிகள் எல்லாரிடமும் இருப்பது இந்த 04343 நம்பர்தான். போன் நின்றுவிடாதே?
– வாசகர், கிருஷ்ணகிரி

ரவுட்டர் தாராளமாக வாங்குங்கள். பெட்டியை மட்டும் கழற்ற வேண்டாம். அதன் பெயர் ஓ.என்.டி. ஃபைபரில் வரும் ஒளியை இணையமாக மாற்றுவதும் அதுதான், உங்கள் 04343 நம்பரைத் தாங்கி நிற்பதும் அதுதான். நம்பருக்கான பாஸ்வேர்டைக் கம்பெனி அதற்குள்ளேயே ஏற்றி வைத்திருக்கும். பொதுவாக வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. பின்பக்கம் பாருங்கள்: போன் ஒயர் நுழையும் சின்ன போர்ட்டில் 'டெல்' அல்லது 'போட்ஸ்' என்று எழுதியிருக்கும். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்த போர்ட்டே கிடையாது.

ஆகவே, புது ரவுட்டர் ஓ.என்.டி.க்குப் பின்னால்தான் வர வேண்டும். அதைப் பழைய பெட்டியின் பக்கத்திலேயே வைத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் குடோனுக்குப் பெரிதாகப் பலன் இருக்காது. குடோனிலேயே வையுங்கள். ஓ.என்.டி.யின் முதல் லான் போர்ட்டிலிருந்து (உள்ளே உள்ள கருவிகளை மாட்டும் துளை) அங்கே வரை 'கேட் 6' என்ற நெட்வொர்க் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்த மலிவுச் சரக்கு, நீளம் கூடினால் வேகத்தைத் தின்றுவிடும்.

பிறகு ரவுட்டர் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட்' (வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்யும்) முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டராக இருந்தால், கேபிளை மாட்டுவதற்கு முன்பே லேப்டாப்பில் அதைத் திறந்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஓ.என்.டி.யின் முகவரி 192.168.1.1 ஆக இருந்தால்). அடுத்து டி.எச்.சி.பி.யை (மற்ற கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை ரவுட்டரின் 'வான்' போர்ட்டில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) செருகாமல் லான் போர்ட்டில் செருகுங்கள். வரிசை முக்கியம். இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி இருந்தால் இணையம் வந்து வந்து போகும், காரணம் பிடிபடாது.

எதையும் மாற்றாமல் 'வான்' போர்ட்டில் மாட்டினாலும், முகவரிகள் வேறாக இருந்தால் இணையம் வரும், போனுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஆபீஸில் உள்ளவர்களுக்குக் குடோன் பில் பிரின்டர் தெரியாது. குடோன் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதும் சிக்கலாகலாம்.

முழுக் கட்டுப்பாடும் சொந்த ரவுட்டரிடம் வேண்டும் என்பவர்கள் 'பிரிட்ஜ்' முறைக்குப் போவார்கள். இணையத்துக்கான யூசர் பெயர், பாஸ்வேர்டை ஓ.என்.டி.யிலிருந்து எடுத்து ரவுட்டரில் போடுவது அது. கம்பெனி ஆளிடம், "இன்டர்நெட் பாதையை மட்டும் பிரிட்ஜ் பண்ணுங்க, வாய்ஸ் பாதையைத் தொடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பல இணைப்புகளில் போனுக்குத் தனி வி.லான் (அதே இழைக்குள் பிரித்து வைத்த பாதை) போகும், அதை அழித்தால் போன் விளக்கு அணைந்துவிடும். உங்கள் தேவைக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: ஓ.என்.டி.யின் ரீசெட் ஓட்டையில் ஊசி வைத்து அழுத்தவே கூடாது. போன் நம்பர் உட்பட ஏற்றியதெல்லாம் அழிந்துபோகலாம். சீசன் நேரத்தில் கம்பெனி ஆள் வரும் வரை காத்திருக்க நேரும்.

வேலை முடிந்ததும் செல்போனிலிருந்து லேண்ட்லைனைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் இரு பக்கமும் பேசிப் பாருங்கள். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் போட்டுப் பார்க்கும்போது முன்னால் 0 சேர்க்க மறக்காதீர்கள்; 2021 ஜனவரி 15 முதல் அது கட்டாயம்.

கேள்வி: ஆபீஸில் இணைய போன் அடாப்டரைச் சொந்த ரவுட்டரில் மாட்டியிருக்கிறோம். மணி அடிக்கிறது. எடுத்தால் எங்கள் குரல் அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.
– வாசகி, தருமபுரி

ரவுட்டரில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற வசதி இருக்கும். முதலில் அதை அணையுங்கள். அழைப்பு வரும்போது, "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று அடாப்டர் எழுதி அனுப்புகிறது. ஏ.எல்.ஜி. உதவி செய்வதாக நினைத்து அந்த முகவரியைத் திருத்துகிறது. தப்பாகத் திருத்தினால் எதிர்க்குரல் வழி தெரியாமல் தொலைந்துவிடும். அணைத்த பிறகு ரவுட்டர், அடாப்டர் இரண்டையும் ஆஃப் செய்து போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், அடாப்டரில் 'ஸ்டன்' வசதி (வெளியே தெரியும் தன் முகவரியை அடாப்டரே கேட்டுத் தெரிந்துகொள்வது) இருக்கிறதா என்று பார்த்து, சேவை தருபவர் சொல்லும் முகவரியை அதில் போடுங்கள்.

சில நிமிடம் சும்மா இருந்த பிறகு வரும் அழைப்பு மணியே அடிக்கவில்லை என்றால், அது வேறு கோளாறு. ரவுட்டர் பாதையை மூடிவிடுகிறது. அடாப்டரில் 'கீப் அலைவ்' என்பதை 20 அல்லது 30 நொடிக்கு வையுங்கள்.

குரல் விட்டு விட்டு வந்தால் உடனே பெரிய பிளானுக்கு மாறாதீர்கள். ஜி.711 என்ற குரல் அனுப்பும் முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 90 கே.பி.பி.எஸ். அளவுதான் செலவு. யாராவது வீடியோ அப்லோடு செய்யும்போதுதான் குரல் நசுங்கும், ரவுட்டரின் 'க்யூ.ஓ.எஸ்.' பகுதியில் அடாப்டருக்கு முதலிடம் கொடுங்கள்.

கேள்வி: பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் பேசும். ஃபைபருக்கு மாறியதும் கரண்டோடு போனும் போகிறது. என்ன வழி?
– வாசகர், பாலக்கோடு

அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட், செம்புக் கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு வந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஓ.என்.டி.யின் கரண்ட் அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பாருங்கள். பலவற்றில் 12 வோல்ட் இருக்கும். அதே வோல்ட்டும், அதற்குக் குறையாத ஆம்பியரும் தரும் மினி யு.பி.எஸ். வாங்குங்கள். 3.7 வோல்ட் கணக்கில் 8,000 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் 30 வாட் மணி. இழப்பு போக 25 வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி 8 வாட் இழுத்தால் 3 மணி நேரம் ஓடும். சொந்த ரவுட்டரையும் அதிலேயே மாட்டினால் நேரம் பாதியாகக் குறையும். போன் பேச ஓ.என்.டி. மட்டும் ஓடினால் போதும்.

கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் அடிப்பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போன நேரத்துக்கென்று ஒயர் உள்ள சாதாரண போன் ஒன்றை மாட்டி வையுங்கள்.