அறுபதுக்கு நாற்பது

அன்புள்ள சார்,

போன வாரம் முதுமை பற்றி எழுதிய குறிப்பில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ராய் ஜோன்ஸும் பெர்னார்ட் ஹாப்கின்ஸும் 2010இல் மறுபடி மோதியதற்கு மோதாமலே இருந்திருக்கலாம்." அதைப் படித்துவிட்டு யூடியூபில் அந்தக் குத்துச்சண்டைப் போட்டியைத் தேடிப் பார்த்தேன். அவ்வளவு மோசம் என்று எனக்குப் படவில்லை. ஒருவருக்கு 45 வயது, இன்னொருவருக்கு 41. அந்த வயதில் பன்னிரண்டு ரவுண்டு நிற்பதே பெரிய காரியம் இல்லையா?

எனக்கு 58 ஆகிறது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது அப்பா என்னை நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். அலி அன்று விளையாட்டாகத்தான் ஆடினார். ஆனால் அப்பா கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 2020இல் டைசனும் ஜோன்ஸும் ஆடியதையும் நான் ரசித்துத்தான் பார்த்தேன். வயதானவர்கள் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டால் உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?

கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரியில் பாட்மிண்டன் ஃபைனலில் என்னைத் தோற்கடித்தவன் ரிட்டயர் ஆகி எங்கள் ஊருக்கே வந்துவிட்டான். ஒரு ஆட்டம் போடலாமா என்கிறான்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. முழுதாக வாபஸ் வாங்க மனசு வரவில்லை, பாதியை வாங்கிக்கொள்கிறேன். எந்தப் பாதி என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இருவரும் முதலில் மோதியது 1993 மே 22, வாஷிங்டனில், ஆர்.எஃப்.கே. ஸ்டேடியத்தில். கூட்டம் இவர்களுக்காக வந்தது இல்லை. ரிடிக் போவின் ஹெவிவெயிட் (மிக எடை கூடியவர்களின் பிரிவு) போட்டிக்கு முன்னால் நடந்த ஆட்டம் இது. உலகப் பட்டங்கள் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.பின், காலியாகக் கிடந்த மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) பட்டத்துக்கான போட்டி. மூன்று நடுவர்களும் ஒன்றுபோல 116–112 என்று ஜோன்ஸுக்குப் புள்ளி போட்டார்கள். வலது கை அடிபட்டிருந்தது, அதோடுதான் ஆடினேன் என்று ஜோன்ஸ் பிற்பாடு சொன்னார். தோற்றவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் செய்தி கிடையாது. தோற்றது போதாதென்று, ஒன்றரைக் கையிடம் தோற்றோம் என்று வேறு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால் இருவரும் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். 1988 அக்டோபரில் ஜோன்ஸ் சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் சி-ஹுனைப் புரட்டி எடுத்தார். ஜோன்ஸின் குத்துகள் 86 விழுந்தன, பார்க்கின் குத்துகள் 32. நடுவர்கள் 3–2 என்று பார்க்கின் கையைத் தூக்கினார்கள். தங்கம் அவருக்குப் போனது. ஆனால் அந்த ஒலிம்பிக்ஸின் மிகச் சிறந்த குத்துச்சண்டைக்காரர் என்ற கோப்பை ஜோன்ஸுக்கு! (பார்க் 2023இல் ஜோன்ஸின் ஊரான பென்சகோலாவுக்கே போய் அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். வீடியோ இருக்கிறது, பாருங்கள். ஜோன்ஸ் அழுகிறார்.) அதே அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் ஹாப்கின்ஸ் தன் முதல் தொழில்முறைப் போட்டியில் ஆடித் தோற்றார். பிலடெல்பியாத் தெருக்களில் வழிப்பறி செய்து, 17 வயதில் 18 வருஷ தண்டனை வாங்கி, கிரேட்டர்ஃபோர்டு சிறையில் ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்திருந்தார். ஒருவர் உலகமே பார்க்கத் தோற்றார், இன்னொருவர் தோற்றது யாருக்கும் தெரியாது.

1993க்குப் பிறகு ஹாப்கின்ஸ் பன்னிரண்டு வருஷம் யாரிடமும் தோற்கவில்லை. மிடில்வெயிட் பட்டத்தை 20 முறை காப்பாற்றினார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் ஃபெலிக்ஸ் டிரினிடாடைக் கடைசி ரவுண்டில் சாய்த்தபோது அவருக்கு 36 வயது. ஜோன்ஸோ எடை கூட்டி மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். 1996இல் ஒருநாள் பகலில் ஒரு லீக் அணிக்காகக் கூடைப்பந்து ஆடிவிட்டு இரவில் பட்டத்தைக் காப்பாற்றினார். அவ்வளவு கொழுப்பு, அவ்வளவு திறமை. ஆக, மறுபோட்டி நடந்திருக்க வேண்டிய வருஷம் 2002. ஜோன்ஸுக்கு 33, ஹாப்கின்ஸுக்கு 37. இருவரும் உச்சத்தில் இருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் பணப்பெட்டியோடு காத்திருந்தார்கள்.

நடக்கவில்லை. காரணம் ஒரு கணக்கு. வருகிற பணத்தில் எனக்கு அறுபது, உனக்கு நாற்பது என்றார் ஜோன்ஸ். நான்தானே உன்னை ஜெயித்தவன் என்பது அவர் நியாயம். சரிபாதி இல்லாவிட்டால் வரமாட்டேன் என்றார் ஹாப்கின்ஸ். நானும் சாம்பியன்தானே என்பது இவர் நியாயம். எங்கள் ஊரில் இரண்டு பங்காளிகள் ஒரு கிணற்றுக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தீர்ப்பு வந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் இல்லை. அந்தக் கிணறுதான் ஞாபகம் வருகிறது. நாற்பது சதவீதமே அதுவரை ஹாப்கின்ஸ் கண்ணால் பார்க்காத தொகையாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு அது பணம் இல்லை. நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டால் 1993 சரிதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஜோன்ஸுக்கும் அப்படித்தான், ஐம்பதுக்கு ஒப்புக்கொண்டால் 1993இல் ஜெயித்ததற்கு மதிப்பில்லை. என்னைக் கேட்டால் அந்த இருவரின் உண்மையான இரண்டாவது போட்டி 2002இல் அந்த மேஜையில்தான் நடந்தது. அது டிரா.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி வயதாவதில்லை. இதில்தான் விஷயமே இருக்கிறது.

பாக்ஸிங் கற்றுக்கொள்ளப் போகிற பையனுக்கு முதல்நாள் என்ன சொல்லித்தருவார்கள்? கையை முகத்துக்கு முன்னால் வை, தாடையை இறக்கு, இடது கையால் ஜேப் (நேராக நீட்டும் விரைவுக் குத்து) போட்டு வழி பண்ணிக்கொண்டு உள்ளே போ, நேர்கோட்டில் பின்வாங்காதே. ஜோன்ஸ் இந்த நான்கையும் மீறியே சாம்பியன் ஆனவர். கைகள் இடுப்பில் தொங்கும். ஜேப் போடாமல், நின்ற இடத்திலிருந்து தாவி இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) போடுவார். 2002இல் கிளென் கெல்லி என்பவருக்கு எதிராக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதிராளி இதுதான் சமயம் என்று குத்த வர, தலையை மட்டும் நகர்த்திவிட்டு, வலது கையை எடுத்து ஒரே போடு. கெல்லி எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், குத்து கிளம்பும்போதே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தெரிந்த கணத்தில் உடம்பு நகர்ந்துவிடும். அந்த வேகம்தான் அவருக்குத் தற்காப்பு.

2003 மார்ச்சில் 193 பவுண்டு எடையோடு 226 பவுண்டு ஜான் ரூயிஸை ஜெயித்து ஹெவிவெயிட் பட்டமும் வாங்கினார். மிடில்வெயிட்டில் சாம்பியனாக இருந்த ஒருவர் அதைச் செய்தது 106 வருஷத்துக்குப் பிறகு. அப்புறம் அதே வருஷம் நவம்பருக்குள் உடம்பை 175க்கு இறக்கி அன்டோனியோ டார்வரோடு ஆடித் தட்டுத்தடுமாறி ஜெயித்தார். ஏற்றிய சதையை இப்படி இறக்கியதில் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2004 மே மாதம் மறுபோட்டி. ரெஃப்ரி இருவரையும் ரிங்கின் நடுவில் நிறுத்தி விதிகளைச் சொல்லிவிட்டு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். "இன்றைக்கு என்ன சாக்கு வைத்திருக்கிறாய், ராய்?" என்று கேட்டார் டார்வர். இரண்டாவது ரவுண்டில் ஜோன்ஸ் மல்லாந்து கிடந்தார். எதுவும் மாறின மாதிரித் தெரியவில்லை, அதே கால், அதே தோள். குத்து வருவதற்கும் தலை நகர்வதற்கும் நடுவில் ஒரு இமைப்பு நேரம் கூடியிருந்தது, அவ்வளவுதான். முகத்துக்கு முன்னால் கை வைக்கும் பழக்கமே இல்லாதவருக்கு அந்த இமைப்பை ஈடுகட்ட வேறு எதுவும் இல்லை.

ஹாப்கின்ஸிடம் அந்த வேகம் முதலிலிருந்தே கிடையாது. அதனால் இழக்கவும் இல்லை. அவர் கஞ்சன் மாதிரி ஆடுவார். ஒரு குத்து, உடனே கட்டிப்பிடி, பிடித்த பிடியில் தோளால் ஒரு இடி, தலையால் ஒரு உரசல், ரெஃப்ரி பிரித்துவிடும்போது ஒரு மூச்சு. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. போட்டி இல்லாத மாதங்களிலும் எடையை ஏறவிடமாட்டார். பார்க்கச் சகிக்காது, ஒப்புக்கொள்கிறேன். நான் அவர் ரசிகன் இல்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் எடுபடுகிற சரக்கு அதுதான்.

2009 டிசம்பர் 2ஆம் தேதி இருவரும் தனித்தனியே ஜெயித்துவிட்டு அப்புறம் மோதுவது என்று பேச்சு. சிட்னியில் ஜோன்ஸ் முதல் ரவுண்டிலேயே டேனி கிரீனிடம் விழுந்தார். செய்தி பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தபோது ஹாப்கின்ஸ் இன்னும் ரிங்கில் ஏறியிருக்கவில்லை. அவர் ஏறி, ஆடி, ஜெயித்தார். மற்ற யாராக இருந்தாலும் அதோடு அந்தப் பேச்சை விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை.

நீங்கள் யூடியூபில் பார்த்தது 2010 ஏப்ரல் 3, லாஸ் வேகாஸ், மாண்டலே பே. ஆறாவது ரவுண்டைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பாருங்கள். கட்டிப்பிடித்த நிலையில் ஜோன்ஸின் குத்து ஹாப்கின்ஸின் பிடரியில் விழுகிறது. விதிப்படி தவறு. ஹாப்கின்ஸ் சுருண்டு கீழே போகிறார். நடிக்கிறார் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சந்தேகம், கூச்சல். எழுந்தபிறகுதான் அந்த இரவிலேயே முதல்முறையாகச் சண்டை வருகிறது. இருவரும் வெறியோடு அடித்துக்கொள்கிறார்கள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. பாதுகாப்பு ஆட்கள் ரிங்கில் ஏறுகிறார்கள். நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷத்தில் ஜோன்ஸின் முகம். கோபம் இருக்கிறது, கை வரவில்லை. எங்கே குத்த வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, தோள் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. மிச்ச ரவுண்டுகள் மறுபடி கட்டிப்பிடித்தலும் கூட்டத்தின் ஊளையும்தான். 117–110, 118–109, 117–110 என்று மூன்று நடுவர்களும் ஹாப்கின்ஸுக்குக் கொடுத்தார்கள். ஜெயித்தவர் உடை மாற்றும் அறையில் சரிந்து விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றுதான் எனக்கு அன்று தோன்றியது. அந்த வரியையும் அந்தக் கடுப்பில்தான் எழுதினேன். ஹாப்கின்ஸிடம் கடன்பட்டிருந்தவன் 1993இன் ஜோன்ஸ். அவன் 2004இலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றவனிடம் வட்டியும் முதலுமாக வசூல் பண்ணியது எனக்கு வெற்றியாகப் படவில்லை. இந்தப் பாதியை நான் விட்டுத்தர மாட்டேன்.

வாபஸ் வாங்குகிற பாதி இது. நான் பார்த்ததெல்லாம் ஜோன்ஸின் பக்கத்திலிருந்து. ஹாப்கின்ஸ் அடுத்த வருஷம் மே மாதம் மான்ட்ரியலில் ஜான் பாஸ்காலை ஜெயித்து, 46 வயதில் உலக சாம்பியன் ஆனார். 45 வயதில் ஜெயித்த ஜார்ஜ் ஃபோர்மனின் சாதனை போயிற்று. 49 வயதிலும் ஒரு பட்டம் ஜெயித்தார். இந்த மனிதருக்கு ஜோன்ஸ் ஒரு பாக்கி வேலை. மூலையில் கிடக்கும் பாக்கி வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிற ஆள். அவர் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் போட்டி நடந்தே ஆக வேண்டும். அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். (அவர் கடைசிப் போட்டியைப் பார்க்காதீர்கள். 2016இல், 51 வயதில், கயிற்றுக்கு வெளியே தூக்கியடிக்கப்பட்டு விழுந்தார்.)

டைசனும் ஜோன்ஸும் ஆடியது வேறு வகை. அன்று டைசனுக்கு 54, ஜோன்ஸுக்கு 51. இரண்டு நிமிஷ ரவுண்டு எட்டு, காட்சிப் போட்டி, டிரா. தொடங்கும் முன்பே இது விளையாட்டு என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நானும் காப்பி போட்டு வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். உங்கள் அப்பா பார்த்த அலியும் அப்படித்தான். கூட்டத்தைச் சிரிக்க வைக்க வந்த அலி. ஆனால் அதே 1980 அக்டோபரில், 38 வயதில், அவர் லாரி ஹோம்ஸோடு நிஜமாகவே ஆடப் போனார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலிக்குப் பயிற்சியில் அடிவாங்க நின்ற பையன். பத்து ரவுண்டு அலி குத்துகளை வாங்கினார், திருப்பித் தரவில்லை. கடைசியில் அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்திவிட்டார். சென்னைக்கு வந்த அலியும் அந்த அலியும் ஒரே ஆள், சில மாத இடைவெளி. உங்கள் அப்பா எதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் உங்கள் பாட்மிண்டன். தாராளமாக ஆடுங்கள். 21 பாயிண்ட் வேண்டாம், 11 வையுங்கள், முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். ஷட்டில் செலவைச் சரிபாதி பிரித்துக்கொள்ளுங்கள். என்ன ஸ்கோர் என்று எழுதுங்கள். அவர் சொல்கிற ஸ்கோரையும் சேர்த்து.

அன்புடன்.