ஒரு கருவா, இரண்டா?

கேள்வி: எனக்கு வயது 33. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு என்பதால் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சை எடுக்கிறோம். முதல் முறையிலேயே ஐந்தாம் நாள் வளர்ச்சியை எட்டிய நான்கு நல்ல கருக்கள் கிடைத்துள்ளன. ஒன்றை மட்டும் கருப்பையில் வைத்து, மற்றவற்றை உறைய வைக்கலாம் என்கிறார் மருத்துவர். என் மாமியாரோ, "இரண்டாக வைத்தால் ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை, முருகன் கொடுப்பதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்கிறார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதற்கு ஒரு ரேண்ட் கூடத் தராததால் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு வைத்தால் வாய்ப்பு இரு மடங்காகும் அல்லவா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஆகாது, சகோதரி. ஸ்காண்டிநேவிய நாடுகளில், 36 வயதுக்கு உட்பட்டு, குறைந்தது இரண்டு நல்ல கருக்களாவது கிடைத்திருந்த 661 பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. ஒரே தடவையில் இரண்டு கருக்களை வைத்துக்கொண்டவர்களில் 42.9 விழுக்காட்டினர் உயிருள்ள குழந்தை பெற்றனர். முதலில் ஒன்றை வைத்து, அது பலிக்காதபோது உறைய வைத்த இன்னொன்றை வைத்துக்கொண்டவர்களில் 38.8 விழுக்காட்டினர் பெற்றனர். இந்தச் சிறிய வேறுபாட்டுக்கு முதல் குழுவினர் கொடுத்த விலைதான் பெரிது: அவர்களுடைய பிரசவங்களில் மூன்றில் ஒன்று இரட்டைப் பிரசவம், மற்றக் குழுவில் அது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஒற்றைக் கரு முதல் தடவையில் பலிக்கும் வாய்ப்பு குறைவுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறையில் பெரும்பகுதியை உறைநிலையில் இருக்கும் அடுத்த கரு ஈடுசெய்துவிடுகிறது. உங்களுக்கு அப்படி மூன்று கருக்கள் கையிருப்பில் இருக்கின்றன.

இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறையுமுன்பே, பெரும்பாலும் எடை குறைவாகப் பிறந்துவிடுகிறார்கள். தாய்க்கோ கர்ப்பகால இரத்தக் கொதிப்பு, இரத்தசோகை, பேறுகாலத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு ஆகியவற்றின் அபாயம் ஏறுகிறது. இவற்றோடு கர்ப்பகாலச் சர்க்கரை நோயையும் நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இந்த நாட்டு இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ அது இருந்தால் ஒற்றைக் கர்ப்பத்திலேயே கவனம் தேவை.

ஒரே செலவு என்ற கணக்கும் பாதிதான் சரி. உறைய வைத்த கருவைப் பின்னர் வைப்பதற்கு, ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுக்கும் முழுச் சுற்றின் செலவு ஆகாது. உறைய வைக்கும் கட்டணம், ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம், வைக்கும் நாளின் கட்டணம் ஆகிய மூன்றையும் மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, மாமியாருடன் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடப்பதும் அதே கணக்கில் சேர வேண்டும். அந்தக் கட்டணத்தை மெடிக்கல் எய்ட் ஏற்றாலும், ஏற்காத பாடுகள் பல உண்டு.

ஆணும் பெண்ணுமாகப் பார்த்து இரண்டு வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பாலினத்தோடு தொடர்புடைய பரம்பரை நோய் போன்ற காரணம் இல்லாமல் அப்படித் தேர்ந்தெடுக்கத் தென்னாப்பிரிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை.

உங்கள் மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். வைக்கும் நாளன்று பதற்றத்தில் மனம் மாறாமலிருக்க, எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்து ஒப்புதல் படிவத்தில் எழுதிவிடுவது நல்லது. ஒற்றைக் கருவும் அபூர்வமாக, நூற்றில் ஒன்றிரண்டு தடவை, இரண்டாகப் பிரியக்கூடும். அதைத் தடுக்க வழியில்லை.

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு முறை ஒவ்வொரு கருவாக வைத்தும் பலிக்கவில்லை. இப்போது சுமாரான தரத்தில் இரண்டு கருக்கள் உள்ளன. இரண்டையும் வைக்கலாம் என்கிறார்கள். மேலே உள்ள வாசகிக்குச் சொல்வது எனக்கும் பொருந்துமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பொருந்தாது. இங்கே கணக்கில் கொள்வது முட்டையின் வயதை. 41 வயது முட்டையிலிருந்து உருவான கருக்களில் குரோமோசோம் குறையுள்ளவையே அதிகம் என்பதால், இரண்டும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. ஆகவே அந்த யோசனை நியாயமானது. முட்டை இளம்வயதுக் கொடையாளருடையது என்றாலோ, குரோமோசோம் சோதனையில் கரு சரியென்று தெரிந்திருந்தாலோ, உங்களுக்கும் ஒன்றே போதும். இரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு நடந்த சிசேரியன் ஆகியவற்றில் எது இருந்தாலும், கருக்களை வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரட்டைக் கர்ப்பத்தை உங்கள் உடல் தாங்குமா என்பதை அவர் அதைக்கொண்டே தீர்மானிப்பார்.