கிரவுன் பினியனை மாற்றினால் கார் பாயுமா? கேள்வி பதில்

பின்சக்கர இழுவை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் டிஃபரன்ஷியல் விகிதத்தை, அதாவது பின் ஆக்ஸிலிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் பல் விகிதத்தை, மாற்றுவது குறித்து, நெல்லை வட்டார ஆர்வலர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, 4.10 விகிதத்தை எடுத்துவிட்டு 4.30 போட்டால் வண்டி நன்றாக இழுக்கும் என்கிறார்கள். இன்ஜின் அதேதானே, எப்படி இழுக்கும்?

இன்ஜின் அதேதான், அதன் குதிரைத்திறன் சிறிதும் கூடுவதில்லை. பினியன் என்கிற சிறிய பற்சக்கரத்தில் 10 பல்லும், அது சுழற்றும் கிரவுன் என்கிற பெரிய பற்சக்கரத்தில் 41 பல்லும் இருந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றும். கிரவுனில் 43 பல் என்றால் அது 4.30 ஆகும். அப்போது எந்த கியரிலும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறத்தாழ 4.9 சதவீதம் கூடும்; அந்த கியரில் எட்டக்கூடிய உச்ச வேகமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். டொயோட்டா நிறுவனமே தன் 86 காரின் மேனுவல் வகைக்கு 2017 மாடலில் 4.10-லிருந்து 4.30-க்கு மாறியது.

வள்ளியூரிலிருந்து: 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் எவ்வளவு குறையும்?

குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. சில கார்களில் கூடவும் கூடும். உங்கள் கார் இரண்டாம் கியரில், இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பான ரெட்லைனைத் தொடும்போது 103 கி.மீ. வேகம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 4.30 போட்டபின் அதே கியர் 98 கி.மீ. வேகத்திலேயே முடிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு கிலோமீட்டர் வேகத்துக்காக மூன்றாம் கியருக்கு மாற்றியாக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தில் போகும் நேரம், அதுவரை சேமித்ததை முழுதாகவே விழுங்கிவிடலாம். முதல் கியரில் ஏற்கெனவே டயர் வழுக்கிச் சுழல்கிற காராக இருந்தால், கூடுதல் டார்க் புகையாகத்தான் போகும். அங்கே முதலில் வேண்டியது நல்ல டயரும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலவிடாத லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுமே.

உண்மையான லாபம் கிடைப்பது வேறு இடத்தில். மூன்றாம், நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே வண்டி எழுந்து போவது தெளிவாகத் தெரியும். ஆகவே, ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் முடிகிறது என்று பழைய விகிதத்துக்கும் புதியதற்கும் தாளில் எழுதிப் பார்க்காமல் ஆக்ஸிலைத் திறக்காதீர்கள்.

தென்காசியிலிருந்து: நான் அடிக்கடி நான்குவழிச் சாலையில் நாகர்கோவில் போகிறவன். மைலேஜ் அடிபடுமா?

ஓரளவு அடிபடும். 205/55 ஆர்16 டயரில் 100 கி.மீ. வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 840 முறை சுற்ற வேண்டும். டாப் கியரின் விகிதம் 0.80 என்றால், இன்ஜின் 4.10-இல் சுமார் 2,755 ஆர்பிஎம்மிலும், 4.30-இல் சுமார் 2,890-லும், 4.56-இல் சுமார் 3,065-லும் சுற்றும். முதல் மாற்றத்தை நீங்கள் அதிகம் உணரமாட்டீர்கள், 4.56-இன் இரைச்சல் நீண்ட பயணத்தில் அலுப்பூட்டும். ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: ஆடிக் காற்று வீசும்போது காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் டாப் கியரில் திணறுகிற சிறிய இன்ஜின் கார், கியர் இறக்காமலேயே தாக்குப்பிடிக்கும்.

அம்பாசமுத்திரத்தில் பட்டறை வைத்திருக்கும் தம்பி: மாற்றியபின் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் ஊளைச் சத்தம் வருகிறது. கிரவுன் பினியன் செட் சரியில்லையா?

தம்பி, பெரும்பாலும் பழுது செட்டில் இருப்பதில்லை, பொருத்தியதில்தான் இருக்கும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்து இணக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. டயல் கேஜை கிரவுனின் பல்லில் வைத்து பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையிலான ஆட்டம், பாருங்கள். பல கார்களில் அது 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே முடிவு. பிறகு நான்கைந்து பற்களில் மார்க்கிங் பேஸ்ட் பூசி, கிரவுனைக் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றுங்கள். பேஸ்ட் விலகிய தடம் பல்லின் உயரத்தில் நடுவாக விழ வேண்டும். அடிவேரில் விழுந்தால் பினியன் கிரவுனுக்கு மிக நெருங்கியிருக்கிறது. நுனியில் விழுந்தால் தள்ளியிருக்கிறது. பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் ஷிம் என்கிற தகட்டு வளையம் போடும் வகையாக இருந்தால், முதலாவதற்கு மெல்லிய ஷிம்மும் இரண்டாவதற்குத் தடித்த ஷிம்மும் போட வேண்டும். ஷிம் மாற்றிய ஒவ்வொரு முறையும் பேக்லாஷை மறுபடி அளந்தாக வேண்டும்.

பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைச் சரியாக வைக்கும் கிரஷ் ஸ்லீவ் புதிதாகவே இருக்கட்டும். நட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால், தளர்த்திச் சரிக்கட்டாமல் ஸ்லீவையே மாற்றிவிடுங்கள். இந்த வேலையில் பொறுமைக்கு மாற்றுக் கருவி கிடையாது.

சங்கரன்கோவிலிலிருந்து: முன்சக்கர இழுவை காருக்கும் இது ஆகுமா?

ஆகும், ஆனால் அதில் இந்த விகிதத்தைத் தரும் ஃபைனல் டிரைவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று யோசியுங்கள். நான்குசக்கர இழுவை ஜீப் என்றால் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும்.

வண்ணார்பேட்டையிலிருந்து: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா? மாற்றிய கையோடு வேகம் பார்க்கலாமா?

வேகம் கியர்பாக்ஸின் வெளிஷாஃப்டிலிருந்து எடுக்கப்பட்டால், 4.30-க்கு மாறியபின் முள் ஏறத்தாழ 4.9 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஓடிய தூரமும் அப்படியே கூடும். சக்கரத்திலுள்ள ஏபிஎஸ் சென்சாரிலிருந்து எடுத்தால் மாறாது. முதல் சில நாட்கள் மெதுவாக ஓட்டி, இடையிடையே ஹவுசிங்கை ஆறவிடுங்கள், 800 கி.மீ. அளவில் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். அதன்பின் வேகம் பார்ப்பதை பைபாஸில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்றே கோவையில் காரி ஸ்பீட்வேயும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் இருக்கின்றன.