காரடியில் சிவப்புச் சொட்டு: கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு அட்டையை விரியுங்கள்

கேள்வி: என்னுடையது பத்து வருட ஆட்டோமேட்டிக் கார். சில நாட்களாகக் காலையில் போர்டிகோவில் சிவப்பாக இரண்டு மூன்று சொட்டு கிடக்கிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்" என்கிறார். வண்டியை விடுவதற்கு முன் வீட்டில் நானே எதைப் பார்க்கலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். ட்ரெய்ன் போல்ட் வாஷர், ஆயில் சேம்பர் பேக்கிங், ஆக்ஸில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நுழையும் இடத்து ஆயில் சீல், கியர் ஆயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் ஹோஸ்: இவற்றில் எது கசிந்தாலும் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்துவிடலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு உள்ளே இருக்கும் முன்பக்க சீல் போனால் இறக்கித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். ஆகவே, கசிவது எது, எங்கிருந்து என்று முதலில் தெரிய வேண்டும்.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரவு வண்டியை நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் தள்ளுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் அட்டையை எடுத்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியும். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸ் இடப்பக்கம், பேட்டரிக்குக் கீழே இருக்கும். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் நடுவில், கியர் லீவருக்கு அடியில்.

அடுத்து நிறம். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதாக இருக்கும்போது ரூஹ் அஃப்சா மாதிரி நல்ல சிவப்பு, பழசாக ஆக பழுப்பு. டிஷ்யூவில் பரவும்போது ஓரத்தில் ரோஸ் நிறம் தெரியும். ஆனால் சிவப்பு என்பதாலேயே கியர் ஆயில் என்று முடிவு கட்ட முடியாது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டும் சிவப்பிலும் ரோஸிலும் வருகிறது. சந்தேகமிருந்தால் பழைய பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். கூலன்ட் கரைந்துவிடும், ஆயில் மேலே மிதக்கும். (கூலன்ட் விஷம், குழந்தைகள், நாய் பூனை எட்டாத இடத்தில் செய்யுங்கள்.) ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் அதற்கும் இதே சிவப்பு ஆயிலைத்தான் பல கம்பெனிகள் ஊற்றுகின்றன, அதன் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தேன் நிறமும் கந்தக வாடையும் இருந்தால் அது மேனுவல் கியர் ஆயில். 2014-ல் செலேரியோவோடு இங்கே வந்த ஏ.எம்.டி. (கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும்) கார்களிலும் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், அங்கேயும் இந்த ஆயில்தான்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். கீழே வழிந்து, தாழ்வான மூலையில் போய்ச் சொட்டும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஈரமாக இருப்பதில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னே இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். ஆறிய கியர்பாக்ஸை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மேலே தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் இழுத்த கோடு மெல்லிசாகத் தெரியும். கோட்டின் உச்சிதான் உங்கள் கசிவு.

என்னிடம் வந்த ஒரு வண்டியில் அந்தக் கோடு இடது ஆக்ஸில் நுழையும் வளையத்தில் தொடங்கியது. சில வாரம் முன்பு வேறொரு ஒர்க்ஷாப்பில் சஸ்பென்ஷன் வேலைக்காக ஆக்ஸிலைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பச் செருகும்போது சீலின் உதடு நகக்கீறல் அளவுக்குக் கிழிந்திருந்தது. சீல் மாற்றியதோடு கசிவு நின்றது. உங்கள் காரிலும் சமீபத்தில் அந்தப் பக்கம் வேலை நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியில் காரைத் தூக்கிக்கொண்டு அடியில் போகாதீர்கள். ஜாக்கி நழுவினால் உயிர் போய்விடும். போனை செல்ஃபி ஸ்டிக்கில் மாட்டி, லைட்டைப் போட்டு வீடியோ எடுத்தாலே போதும். துடைப்பது, பவுடர் தூவுவதெல்லாம் பானெட் பக்கத்திலிருந்து கை எட்டும் அளவுக்கு மட்டும். எட்டாததை ராம்ப் உள்ள இடத்தில் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

சரி, அளவு? கியர் ஆயில் இன்ஜின் ஆயில் போல எரிந்து குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியே போயிருக்கிறது. டிப்ஸ்டிக் இருந்தால் கையேட்டில் சொன்ன முறையில் மட்டும் பாருங்கள். சில காரில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்த உடனே. புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, ஆயிலின் சூட்டை அளந்து ஒர்க்ஷாப்பில்தான் பார்க்க முடியும். கையில் கிடைத்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) ஆயில் வேறு, சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் வேறு, மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும்.

இரண்டு மூன்று சொட்டு என்றால், அளவு சரியாக இருக்கும்வரை ஒர்க்ஷாப் வரை ஓட்டிப் போகலாம். 'டி' போட்டதும் வண்டி தயங்கி நகர்கிறது, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது உள்ளே ஆயில் பம்ப் ஓடாது, சக்கரம் உருள உருள கியர்பாக்ஸ் வறண்டு தேயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள்.