இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா?

வேண்டாம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 25 வெள்ளி கொடுத்து வாங்கி, எட்டு மாதம் போட்டு ஓட்டியவன் சொல்கிறேன்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் கிலாங் வேன் ஓட்டுகிறேன், அதாவது தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன். 2007-இல் பெயரை மாற்றினாலும் எங்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இரவு ஒன்பதரைக்குத் தோட்டத்தில் பெண்களை ஏற்றி ரவாங் பக்கம் இறக்கிவிட்டு, ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு நள்ளிரவு தாண்டித் திரும்புவேன். இரண்டு பக்கமும் செம்பனை. பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. எதிரே மணல் லோரி, செம்பனைக் குலை லோரி, பளீரென்று வெள்ளை எல்.இ.டி. மாட்டிய சின்னக் கார்கள். ஐம்பது வயது வரைக்கும் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அதற்குப் பிறகுதான் எதிர்வண்டி கடந்து போனதும் இரண்டு மூன்று நொடி சாலையே தெரியாமல் போக ஆரம்பித்தது.

மஞ்சள் கண்ணாடி போட்டவுடன் கூச்சம் குறைந்த மாதிரிதான் இருக்கும். எல்லாம் தேன் நிறத்தில் சுகமாகத் தெரியும். ஆனால் அது எதிர் லைட்டை மட்டும் பார்த்து வடிகட்டுவதில்லை. சாலை ஓரத்தில் நடக்கிற ஆள் மேல் பட்டுத் திரும்புகிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கிறது. எங்கள் பக்கம் இரவில் மாடுகள் தார் சூட்டுக்காக ரோட்டில் வந்து படுக்கும். ஒருநாள் அப்படிப் படுத்திருந்த ஒரு காராம்பசு எனக்குத் தெரிந்தபோது பத்தடி கூட இல்லை. போட்ட பிரேக்கில் பின்சீட்டு அக்காவின் சாப்பாட்டு அடுக்குச் சட்டி என் காலடிக்கு வந்து விழுந்தது. "மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு சினிமா ஆக்டர் மாதிரி ஓட்டாதீங்க தம்பி" என்றார். ஜாமா கண் மருத்துவ இதழில் 2019-இல் வந்த ஆய்வும் அதைத்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். திரையில் சாலையைக் காட்டும் பாவனை வண்டியில் (சிமுலேட்டர்) ஆட்களை உட்கார வைத்து ஓட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். நடந்து போகிறவரைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி உதவவில்லை.

கூச்சம் ஏன் வருகிறது என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போயிருக்கிறீர்களா? முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழகத்தான் மரம் முழுக்க மினுக்குவது தெரியும். அந்த நேரம் யாராவது கைப்பேசியில் டார்ச் அடித்தால் போச்சு. இருட்டில் பார்க்க உதவும் உணர்செல்களில் ரோடாப்சின் என்று ஒரு நிறமி இருக்கிறது, வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். முழுதாகத் திரும்ப ஊற 20, 30 நிமிடம் ஆகும். இது ஒரு பாதி. இன்னொரு பாதி, கண்ணுக்குள் நுழைகிற ஒளி நேராகப் போகாமல் சிதறுவது. சிதறிய ஒளி மொத்தக் காட்சியின் மீதும் வெள்ளைத் துணி போர்த்தியது போல விழும். கண்ணின் வில்லை எவ்வளவு தெளிவோ அவ்வளவுதான் சிதறல் குறையும். வண்டியின் முன்கண்ணாடிக்கும் இதே கணக்கு.

அதனால் முதலில் வண்டி முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். வெளிப்பக்கத்தை எல்லோரும் கழுவுகிறோம். உள்ளே, வெயிலில் சூடாகும் டேஷ்போர்டிலிருந்து கிளம்பும் ஆவி எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் தெரியாது, இரவில் எதிர் லைட் பட்டால் கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி விரியும். வினிகரில் தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். கறுப்பாக வந்த துணியைப் பார்த்து எனக்கே வெட்கம். வைப்பர் ரப்பர் தேய்ந்து கீறல் போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். டேஷ்போர்டு விளக்கைத் தணித்து வையுங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு நடுக்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சின்ன நெம்பைத் தட்டினால் போதும். எத்தனையோ பேர் வண்டி வாங்கி ஐந்து வருடமாகியும் அதைத் தொட்டதே இல்லை.

இனி என் குற்றம். எல்லோரும் எனக்கு லைட் அடிக்கிறார்களே என்ற ஆத்திரத்தில் நானும் இணையத்தில் 80 வெள்ளிக்கு எல்.இ.டி. பல்பு வாங்கி வேனில் மாட்டினேன். புஸ்பாகோம் வண்டிச் சோதனைக்குப் போகும்போது மட்டும் பழைய பல்பு. ஒரு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். பிறகு ஒரு காலை, தேத்தண்ணிக் கடையில் எங்கள் தோட்டத்தில் முன்பு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த தாத்தா என்னைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். முழங்காலில் கட்டு. "நேத்து ராத்திரி ஒன் லைட்டுலதான்டா நான் மோட்டாரோட லோங்காங்குல, அந்தச் சாக்கடையில விழுந்தேன். ஒங்கப்பன் இந்த ரோட்டுல முப்பது வருசம் ஓட்டுனான், ஒரு நாயைக்கூட வெரட்டுனது இல்ல." கடை முழுக்க ஆள்.

அன்றைக்கே பட்டறைக்குப் போனேன். பட்டறைத் தாவுக்கே (முதலாளி) என் பழைய பல்பைக் கையில் வைத்துக் காட்டினார். ஹெச்4 ஹாலோஜன் பல்பில், லோ பீம் இழைக்கு அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே போகாமல் அது தடுக்கிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், லோ பீம் இடது ஓரம் சற்று ஏறியும் எதிரே வருபவர் பக்கம் தாழ்ந்தும் விழும்படி விளக்கை வடிவமைத்திருக்கிறார்கள். இழை இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகி எல்.இ.டி. சில்லு உட்கார்ந்தாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். எனக்குப் பிரகாசமாகத் தெரிந்ததெல்லாம் தாத்தாவின் கண்ணுக்குள் போயிருக்கிறது. பழைய பல்பையே மாட்டி, மஞ்சள் பூத்திருந்த விளக்கு மூடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்துகொண்டேன். வெளிச்சம் அதிலேயே நன்றாகக் கூடியது. முதலில் இதைச் செய்திருக்கலாம்.

வேன், எம்.பி.வி. (குடும்ப வேன்) ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: பின்னால் ஆள் நிறைந்தால் மூக்கு தூக்கும், லோ பீமே ஹை பீம் மாதிரி எதிரே அடிக்கும். பல வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி விளக்கைத் தாழ்த்தலாம்.

எதிரே வருபவர் திருந்தாவிட்டால் என்ன செய்வது என்கிறீர்களா? அவர் விளக்கைப் பார்க்காதீர்கள். பார்வையை இடது ஓர வெள்ளைக் கோட்டில் வையுங்கள். தோட்டப் பாதையில் கோடு இருக்காது, புல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வேகத்தை அவர் கிட்டே வருவதற்கு முன்பே குறையுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். கண் தெரியாத இரண்டு நொடியில் 44 மீட்டர் ஓடியிருப்பீர்கள், அதற்குள் பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்று இருக்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொள் என்பார்கள் சில லோரிக்காரர்கள். எனக்குத் தூரம் பிடிபடாமல் போனது, விட்டுவிட்டேன். பதிலுக்கு ஹை பீம் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அப்புறம் இரண்டு பேருக்குமே சாலை தெரியாது.

இத்தனையும் செய்தும் எனக்குப் பாதிதான் குறைந்தது. மகள் பிடிவாதமாகக் கண் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது, வலது கண்ணில் அஸ்டிக்மாடிசம், அதாவது கண்ணின் வளைவு ஒழுங்காக இல்லாத கோளாறு. லைட்டெல்லாம் நட்சத்திரம் மாதிரி கோடு கோடாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாம். நம் ஆட்களில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வரக்கூடும், எனக்கும் அது உண்டு. இடது கண்ணில் அறுவை முடிந்து உள்ளே வில்லை வைத்துவிட்டார்கள். வலது கண்ணுக்குச் சரியான பவரில், எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சோடு சாதாரண வெள்ளைக் கண்ணாடி. கட்டுப் பிரித்து மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு முதல் ராத்திரி ஓட்டத்தில், தூரத்தில் வந்த லோரிக்கு எத்தனை விளக்கு என்று எண்ண முடிந்தது. நான்கு. அதில் ஒன்று எரியவில்லை.

நீங்கள் வயதைச் சொல்லவில்லை. நாற்பது தாண்டியிருந்தால் கண்ணாடி துடைத்த கையோடு கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள். அந்த 25 வெள்ளியைப் பெட்ரோலுக்குப் போடுங்கள்.