பூங்கா விளக்கு: பல்பை மாற்றும் முன் மூடியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவில் வெள்ளை எல்இடி விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் கெடுதல், அணையுங்கள் என்கிறார்கள் சிலர். இருட்டினால் பயமாக இருக்கும் என்கிறார்கள் நடக்க வருகிறவர்கள். மஞ்சள் பல்பு போட்டால் போதுமா?

பதில்: போடலாம், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை. இரவில் நடைபாதையில் ஒரு விளக்கைப் பார்த்தபடி நின்று, நெற்றிமேல் கையைக் குடைபோல் வைத்து அந்த விளக்கை மட்டும் மறையுங்கள். மறைத்ததும் எதிரே உள்ள புதரும் பெஞ்சும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றனவா? அப்படியென்றால் குறை விளக்கில்தான். கூசும் ஒளி கண்ணுக்குள் சிதறித் திரை போட்டுவிடுகிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் அதிகம். அந்தக் கூச்சத்திலிருந்து நிழலுக்குள் போனால் கண் உடனே பழகாது, முழுதாகப் பழக 20, 30 நிமிடம்கூட ஆகும். ‘இருட்டு பயம்’ என்று சொல்வதில் பாதி இந்தக் கூச்சம்தான் என்பது என் கணிப்பு.

ஆகவே முதல் செலவு மூடிக்கு. மேலேயும் பக்கத்திலும் ஒளி சிந்தாமல், விளக்கின் முகம் நேராகத் தரையைப் பார்க்க வேண்டும். சாய்த்து மாட்டியிருந்தால் தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள், அதற்குச் செலவே இல்லை. மரத்தை நோக்கிக் கீழிருந்து அடிக்கும் அலங்கார விளக்குகளைக் கழற்றிவிடுங்கள்; மரத்தில் உறங்கும் பறவைக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை.

அப்புறம் நிறம். பெட்டியில் கெல்வின் என்று ஒளியின் நிறத்தைச் சொல்லும் ஓர் எண் இருக்கும்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். 4000, 5000 என்றால் நீல ஒளி அதிகம்; பெரும்பாலான பூச்சிகளை இழுப்பது அதுதான். 2700-க்கு மேல் வேண்டாம், 2200 கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்கைச் சுற்றும் விட்டில்கள் ஒளிக்கு முதுகைக் காட்டிப் பறக்கப் பார்ப்பதால்தான் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சள் ஒளி அந்தச் சிக்கலைக் குறைக்கும், நீக்காது. மின்மினிகள் வரும் மூலைக்கும் குளக்கரைக்கும் மஞ்சளும் பரிகாரம் இல்லை. அங்கே கம்பமே வேண்டாம், பாதையைத்தான் தள்ளிப் போட வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம்? ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். நடைபாதைக்குச் சில லக்ஸ் போதும். ஒரு கம்பத்தடியில் பளீரென்றும் அடுத்த கம்பம் வரை கும்மிருட்டாகவும் இருப்பதைவிட, மங்கலாக ஆனால் சீராகப் பரவிய ஒளியில் கால் தடுமாறாது, எதிரே வருபவர் முகமும் தெரியும்.

பூட்டிய பூங்காவில் யாருக்காக விளக்கு? மூடும் நேரத்துக்கு டைமர் வையுங்கள். இரவு முழுதும் திறந்திருந்தால், ஆள் குறைந்த பின் ஒளியைத் தணித்து, யாராவது வந்தால் மட்டும் கூடும்படி சென்சார் பொருத்தலாம். முற்றிருட்டிலிருந்து சட்டென்று எரிந்தால் மனிதரும் திடுக்கிடுவார், வௌவாலும் மிரளும். தணிந்த நிலையிலிருந்து மெல்ல ஏறட்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் இரண்டு கம்பங்களில் செய்து பாருங்கள். வாங்கும்போது அந்த விளக்கின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) டிம் ஆகுமா, அதாவது ஒளியைத் தணிக்க விடுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிம் ஆகாத டிரைவரில் ஒளியைத் தணித்தால் சிமிட்டத் தொடங்கலாம்.