பழைய கார் சீட்டும் குஷன் வேலைக்காரரும்: கேள்வி பதில்

என்னிடம் இருப்பது 1960களின் ஜாகுவார். நல்ல குஷன் வேலைக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். நேற்று முடித்த சீட் யார் தைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வருஷம் முன்பு அவர் முடித்த காரைக் காட்டச் சொல்லி, ஏறி உட்கார்ந்து பாருங்கள். முதுகுப் பகுதியின் மடிப்புக் கோடுகள் இருக்கைக் கோடுகளோடு நேராகச் சேர்கின்றனவா? ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங் மூலையில் சுருங்காமல் திரும்புகிறதா? பைப்பிங்கின் ஒட்டு கண்ணில் படாத பின்பக்கம் இருக்கிறதா?

பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஸ்பிரிங்கை என்ன செய்வீர்கள்?" அந்தக் காலத்துச் சீட்டில் ஸ்பிரிங், அதன் மேல் சாக்குத்துணி, அதற்கும் மேல் குதிரைமுடியோ தேங்காய்நாரோ ரப்பரோ வைத்த மெத்தை என்று அடுக்கடுக்காக இருக்கும். "எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபோம் போட்டுடலாம் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உயரம் தவறி, ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும்.

மிஷினையும் பாருங்கள். மேல் பாதமும் கீழ்ப் பல்லும் சேர்ந்தே நகரும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண மிஷினில் தடித்த தோலின் மேல் அடுக்கு வழுக்கிப்போகும். நூல் பாலியெஸ்டர்தானா என்று கேளுங்கள், பருத்தி நூல் வெயிலில் இற்றுவிடும்.

முக்கியமாக, பழைய உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தையல் பிரித்தால் அதுதான் வெட்டு அளவு.

வீட்டு சோபா செய்பவரிடம் கொடுக்கலாமா?

ரெடிமேட் சீட் கவர் மாட்டுபவரை விட அவர் மேல். ஸ்பிரிங்கும் நாரும் அவர் கைக்குப் பழக்கம். ஆனால் கார் சீட்டில் உறையை இரும்புச் சட்டத்தோடு கம்பி வளையத்தால் பிடிக்க வேண்டும், ஸ்டேப்பிள் பின் உதவாது. முதலில் பின் சீட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

ஜாகுவாருக்கு அசல் கனோலி தோல் கிடைக்குமா?

ஜாகுவாருக்குத் தோல் கொடுத்த இங்கிலாந்து நிறுவனமான கனோலியின் பழைய தோல் பதனிடும் ஆலை 2002இல் மூடப்பட்டது. "பழைய ஸ்டாக்" என்று யாராவது நீட்டினால் ஓர் ஓரத்தை மடித்துப் பாருங்கள். வெடித்தால் வேண்டாம்.

1980 மெர்சிடிஸ். ரெக்சினை எடுத்துத் தோல் போட்டால் மதிப்பு கூடுமா?

கூடாது. எம்பி-டெக்ஸ் என்ற அந்த மெர்சிடிஸ் ரெக்சின் தோலையே மிஞ்சி உழைக்கும். கிழிந்த பட்டையை மட்டும் மாற்றுங்கள். பழைய உறையை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சார் இது, தோல்தானே ராஜா?

இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரிய லிமோசின்களில் தோல் சீட் டிரைவருக்கு. மழை, அழுக்கு, தேய்மானம் எல்லாம் அவர் பக்கம்தானே! பின்னால் உட்காரும் முதலாளிக்குக் கம்பளித் துணி. தோல் என்றால் ஆடம்பரம் என்ற எண்ணம் பின்னால் வந்தது.

அப்படியென்றால் கார் என்ன மியூசியப் பொருளா? என் கார், என் இஷ்டம்.

உங்கள் இஷ்டம்தான், யார் மறுத்தார்கள்? கேட்டது மதிப்பைப் பற்றி. விற்கும்போது வாங்குபவருக்கும் ஓர் இஷ்டம் இருக்கும், அவர் அசலில் என்ன உறை இருந்தது என்று காட்டும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு வருவார். தோலே வேண்டுமென்றால் அசல் உறையைப் பத்திரப்படுத்திவிட்டுப் போடுங்கள், சண்டை முடிந்தது.

முடியவில்லை. துணிச் சீட்டில் கறை பட்டால்?

கழுவுங்கள். அடுத்த கேள்வி.

முழுக் காருக்கு எத்தனை தோல் வாங்க வேண்டும்?

பெரிய மாட்டுத்தோல் ஒன்று சுமார் 50 சதுர அடி. கழுத்தும் வயிறும் இழுபடும், உட்காரும் இடத்துக்கு ஆகாது. அதனால் கணக்குப் போட்ட பரப்பை விடக் கூடுதலாக வாங்குங்கள், எல்லாம் ஒரே சாயத் தொகுதியில். பின்னால் ஒன்று குறைந்தால் நிறம் சேராது.

கூரைத்துணி தொங்குகிறது. பசை போடலாமா?

துணிக்குள் குறுக்குக் கம்பிகள் ஓடும் பழைய வகையென்றால் நடுவில் பசைக்கே வேலையில்லை, இழுத்துப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அட்டையில் ஒட்டிய வகையென்றால் பின்னாலுள்ள ஃபோம் பொடிந்திருக்கும், பொடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது. முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதுத் துணி.

நல்ல ஆள் யாரையாவது சொல்லுங்களேன்.

முதல் பதில்.

போன் நம்பர் இருந்தால் போதும்.

முதல் பதில், மறுபடியும்.

பழைய உறையை ஏற்கெனவே தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

இத்தனை முறை சொல்லியுமா! சரி. அதே மாடல் வைத்திருப்பவர் யாராவது சீட்டைக் கழற்றித் தந்தால், உறையைப் பிரிக்காமலே மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துத் தையல் கோடுகளை வரைந்து அளவெடுக்கலாம். அசல் நிறத்துக்குப் பின் சீட்டின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். வளையத்தில் மாட்டிய துண்டு ஏதாவது மிச்சமிருக்கும், வெயில் படாததால் வெளுத்திருக்காது.